பரீட்சைக் கேஸ் சின்னப்பையன்

டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு ஆத்திரம் உண்டு. இன்று நேற்று வந்ததில்லை. வருஷக்கணக்காக உள்ளே கிடக்கிறது. கழுத்தில் குழாய் மாட்டிக்கொண்டு என் ஆட்டோவில் யாராவது ஏறினால், கண்ணாடியில் பார்த்ததுமே மூஞ்சியைத் திருப்பிக்கொள்வேன். காரணம் இதுதான். என் தங்கை செண்பகத்தின் புருஷன் சின்னப்பையன் நெஞ்சில் இருபது வருஷமாக அவர்கள் குழாய் வைத்தார்கள். எத்தனை பேர் என்று கணக்கே இல்லை. வைத்தார்களே தவிர, கேட்கவில்லை. அவன் வாயைப் பார்த்து எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் செத்தும் போனான்.

இப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய் இல்லை. ஆனால் முழுசும் இல்லை. முழுசாகச் சொல்ல வேண்டுமானால் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சைதாப்பேட்டையில் ஆற்றோரம் எங்கள் வீடும் அவன் வீடும் ஒரே வரிசை. பன்னிரண்டு வயதில் அவனுக்கு முட்டி இரண்டும் வீங்கிக் காய்ச்சல் வந்தது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார்கள், வீக்கம் வடிந்தது, மறந்துவிட்டார்கள். வியாதி முட்டியை விட்டுவிட்டு நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தது யாருக்கும் தெரியவில்லை. இருபத்திரண்டு வயதில் மாடிப்படி ஏறும்போது மூச்சு நின்றுபோய்ச் சரிந்தபோதுதான், இதயத்தில் மைட்ரல் என்கிற வால்வு சுருங்கிக் கிடக்கிறது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன். அவர்கள் மேல் புகார் இல்லை. ஒரு தடவை பலூன் விட்டு வால்வை விரித்தார்கள். சில வருஷத்தில் அது மறுபடி சுருங்கிவிட்டது. மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, தினம் மாத்திரை, பாரம் தூக்கக் கூடாது. அவ்வளவுதான் வைத்தியம்.

பாரம் தூக்க முடியாத ஆள் என்ன செய்வான்? தையல் கற்றுக்கொண்டான். தி.நகரில் ஒரு துணிக்கடைக்குப் பக்கத்துச் சந்தில், நடைபாதையில் மிஷின் போட்டு உட்கார்ந்தான். கடையில் வாங்கின பேன்ட்டுக்கு நீளம் குறைப்பது, சுடிதாருக்கு உடம்பு பிடிப்பது, சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது. மிஷினை மிதிக்கவும் மூச்சு போதாமல், பிறகு மோட்டார் வைத்துக்கொண்டான். வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே பேசுவான். ஆளைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவான். "இடுப்பு முப்பத்தாறு. ஆனா இவரு முப்பத்திரண்டுனு சொல்லுவாரு பாரு" என்று என்னிடம் முணுமுணுப்பான். வந்தவர் முப்பத்திரண்டு என்றுதான் சொல்வார்.

அவனுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதுதான் அவனுக்குப் பெருமை.

டாக்டர் பரீட்சையில் காகிதத்தில் எழுதினால் மட்டும் போதாது. நிஜமான நோயாளியைக் கட்டிலில் படுக்க வைத்து, ஒரு மணி நேரம் கொடுத்து, என்ன நோய் என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். அதற்கு நோய் நன்றாகத் தெரிகிற ஆட்கள் வேண்டும். வீங்கின மண்ணீரல்காரர் ஒருவர், வயிற்றில் தண்ணீர் கட்டினவர் ஒருவர், வால்வு சத்தத்துக்கு எங்கள் சின்னப்பையன். இவர்களுக்குக் கேஸ் என்று பெயர். பரீட்சை சீசன் வந்தால் வார்டு ஊழியர் பொன்ராஜ் போன் போடுவார். பஸ் செலவு கொடுப்பார்கள், மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலம் உண்டு.

"யோவ் மைட்ரல்! திங்கக்கெயம பரீச்ச. ஷேவிங் பண்ணிக்கினு வா. போன தபா தாடியோட வந்து, சாமியாரு கேஸானு புரொஃபசர் கேட்டுட்டாரு."

சின்னப்பையன் முந்தின நாளே சட்டைக்கு இஸ்திரி போட்டு வைப்பான். பொத்தான் சீக்கிரம் கழல்கிற மாதிரி அதற்கென்றே ஒரு சட்டை தைத்து வைத்திருந்தான். நான்தான் ஆட்டோவில் கொண்டுபோய் விடுவேன்.

முதல் இரண்டு வருஷம் அவன் சும்மா படுத்திருந்தான். அவர்கள் பாட்டுக்குத் தட்டினார்கள், கேட்டார்கள், போனார்கள். பிறகு ஒரு பரீட்சையில், மீசை வைத்த பெரிய ஆள் ஒருவர், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழ ஆரம்பித்துவிட்டார். மூன்றாவது தடவையாக எழுதுகிறாராம். ஒன்றும் கேட்கவில்லையாம் காதில். சின்னப்பையனுக்கு மனசு தாங்கவில்லை. நோய் பேர் எழுதியிருந்த தன் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக் கொடுத்தான். அவர் அதைப் பார்த்துச் சொல்லிப் பாஸ் பண்ணினார். மறுவாரம் இவன் மிஷின் போட்டிருந்த சந்துக்கே தேடிக்கொண்டு வந்து இனிப்பு கொடுத்தார். "அண்ணே, உங்க நோய்க்கு முழு விடை இது" என்று ஒரு பில்லின் பின்னால் தமிழ் எழுத்தில் எழுதியும் கொடுத்தார்.

சின்னப்பையனுக்குப் படிக்கத் தெரியாது. எனக்கு ஐந்தாம் வகுப்பு. ஆட்டோ ஓட்டிக்கொண்டே, சிக்னலில் நிற்கும்போதெல்லாம் நான் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். அவன் பின்னால் உட்கார்ந்து திருப்பிச் சொல்வான். பத்து நாளில் தண்ணி மாதிரி வந்தது.

"ரூமாட்டிக் ஹார்ட் டிசீஸ், மைட்ரல் ஸ்டெனோசிஸ், சைனஸ் ரிதம், நோ ஃபெயிலியர், நோ எவிடென்ஸ் ஆஃப் இன்ஃபெக்டிவ் எண்டோகார்டைட்டிஸ்."

அர்த்தம் அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கூடவே நோயின் கதையையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டான். நடந்தால் மூச்சு வாங்கும், படபடப்பு உண்டு, இரண்டு தலையணை வைத்துத்தான் தூக்கம், காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை. அது அவனுடைய இருபத்திரண்டாவது வயதின் கதை. நாற்பது வயதிலும் அதையே சொன்னான். பிள்ளைகள் முதல் நாளே பொன்ராஜைப் பிடித்து, எந்தக் கட்டிலில் மைட்ரல் என்று கேட்டு வைத்துக்கொள்வார்கள். குழாயை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்கண்ணா" என்பார்கள். இவன் சொல்வான்.

"நம்ம கையால எத்தினி டாக்டர் பாஸ் ஆய்க்கிறாங்கோ தெரியுமா மச்சான்?" என்பான் என்னிடம்.

அந்த நாளில் எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

ஷண்முகப்ரியா என்கிற பெண் வந்தது ரொம்பப் பின்னால். பரீட்சைக்கு இல்லை. இவன் மூச்சுத் திணறி நான்கு நாள் வார்டில் கிடந்தபோது, படிக்கிற கூட்டத்தோடு வந்தாள். அவள் அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். தி.நகரில் துணிக்கடை. மற்றவர்கள் வழக்கம் போல, "டயக்னோசிஸ் சொல்லுங்கண்ணா" என்றார்கள். இவன் வாயைத் திறந்தான்.

"அண்ணாச்சி, சொல்லாதீங்க" என்றாள் அந்தப் பெண்.

"அண்ணாச்சியா? நான் இன்னா மளிகைக் கடையா வெச்சிக்கீறேன்?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. எல்லோரும் போன பிறகும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு நோட்டு வைத்திருந்தாள். பக்கத்தை மூன்றாக மடித்துக் கோடு போட்டிருந்தது. ஒரு பத்தியில் அவள் பார்த்தது. அடுத்ததில் அதனால் அவள் நினைப்பது. கடைசியில் அவளுக்குத் தெரியாதது. அந்தக் கடைசிப் பத்திதான் எப்போதும் நிறைந்து வழியும். சாயந்திரம் போய் லைப்ரரியில் தேடி, பச்சை மையில் விடை எழுதிக்கொண்டு, மறுநாள் வந்து இவன் உடம்பில் சரி பார்ப்பாள்.

வெளியே டீ வாங்கப் போகும்போது நான் கேட்டேன், "இன்னாத்துக்குமா இந்தக் கஷ்டம்? அவன் வாயத் தொறந்தா விடை வந்துடும்."

"அதான் அண்ணாச்சி பிரச்சனை" என்றாள். "ஸ்கூல்ல கேள்விக்கு முன்னாடியே பதில் குடுத்துட்டாங்க. கோச்சிங்லயும் அப்படித்தான். நான் எல்லாத்துலயும் முதல் மார்க். இங்க வந்த புதுசுல ஒரு மேடம், 'உனக்கு என்ன தெரியலன்னு ஒரு பக்கம் எழுதிட்டு வா'ன்னாங்க. ஒரு வரி எழுத முடியல எனக்கு. தெரியாதது எதுன்னே தெரியல. அன்னிக்குத்தான் பயம் வந்துச்சு. நாளைக்கு ஒரு பேஷன்ட் தன் வியாதி பேரைச் சொல்லாம வந்து நின்னா நான் என்ன பண்ணுவேன்?"

எனக்கு அது அப்போது மண்டையில் ஏறவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளையின் வேண்டாத வேலை என்று நினைத்தேன்.

முதல் நாள் அவள் சொன்னது தப்பு. இரண்டாம் நாளும் தப்பு. சின்னப்பையனுக்கு வாய் நமநமவென்றது.

"சொல்லிடட்டாமா?"

"சொன்னீங்க, பேசவே மாட்டேன்."

நான்காம் நாள் அவனை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் வைத்திருந்தாள். திடீரென்று, "கேட்டுருச்சு அண்ணாச்சி!" என்று கத்தினாள். வார்டே திரும்பிப் பார்த்தது. குழாயை அவன் காதிலும் மாட்டிவிட்டாள். அவன் தன் நெஞ்சைத் தானே கேட்டான்.

"பெல்ட்டு தேய்ஞ்ச மிஷின் மாரி கீதுமா."

அவள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். அன்றைக்கு ஆட்டோவில் அவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சைதாப்பேட்டை நெருங்கும்போது சொன்னான், "மச்சான், இது ஒண்ணுதான் என்னைக் கேட்டுக்கீது."

ஒரு வருஷம் கழித்து அவளுக்குக் கடைசிப் பரீட்சை வந்தது. அதற்கு ஐந்து வாரம் முன்னால் சின்னப்பையனுக்குப் பல் வலி. தெருமுனையில் இருந்த கிளினிக்கில் பிடுங்கிக்கொண்டான். வால்வு நோய் உள்ளவன் பல் பிடுங்கும் முன்பு சொல்ல வேண்டும், அதற்கு ஒரு மாத்திரை போட வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் எப்போதோ சொல்லியிருந்தார்கள். மறந்துவிட்டான். பத்து நாளில் காய்ச்சல் ஆரம்பித்தது. பெரிய காய்ச்சல் இல்லை. சாயந்திரமானால் உடம்பு சுடும், வேர்க்கும், விட்டுவிடும். சாப்பாடு இறங்கவில்லை. அந்த ஒரு மாதத்தில் தன் சட்டையைத் தானே இரண்டு தடவை பிடித்துத் தைத்துக்கொண்டான். அளவு தெரிந்தவன் அவன்தானே.

"ஆஸ்பத்திரிக்குப் போயா" என்று செண்பகம் சண்டை போட்டாள்.

"பரீச்சைக்கு அங்கதானே போறேன். முடிச்சிட்டுக் காட்டிக்கினு வரேன்."

பரீட்சை அன்று காலையில் ஆட்டோவில் ஏறினதும் காய்ச்சல் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான்.

"மாப்ள, இன்னிக்கி ஜுரம்னு டாக்டருங்ககிட்ட சொல்லிடு" என்றேன்.

"பேஜாரு பண்ணாத மச்சான். பரீச்சையில ஜுரம்னு சொன்னா புள்ளைங்க கொயம்பிப் பூடும். அவங்க விடைல ஜுரம் இல்ல. நான் ஒண்ணு சொல்லி, அவங்க பேப்பர்ல ஒண்ணு இருந்தா, எதுக்கு மார்க்கு போடுவாங்கோ?"

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. இருபது வருஷமாக விடை ஒன்றுதானே? கேள்வித்தாளிலேயே அச்சடித்த மாதிரி.

சீட்டுக் குலுக்கினதில் அவன் கட்டில் ஷண்முகப்ரியாவுக்கு விழுந்தது. அவளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. நான் துணைக்கு ஆள் என்று சொல்லிக் கதவோரம் நின்றுகொண்டேன்.

"கவலப்படாதமா" என்று மெதுவாகச் சொல்லி, அவன் கதையை ஆரம்பித்தான். மூச்சு வாங்கும், படபடப்பு, இரண்டு தலையணை.

"அது போன வருஷம் சொன்னது அண்ணாச்சி. இந்த ஒரு மாசம் எப்படி இருக்கீங்க?"

"அதே மாரிதான்."

அவள் அவன் கையை எடுத்துப் பார்த்தாள். வெளிச்சத்தில் திருப்பினாள். "நகத்துக்கு அடியில என்ன கோடு கோடா, முள்ளு குத்தின மாதிரி?"

"டைலர் கைமா. ஊசி குத்தாம இருக்குமா?"

அவள் போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தாள். "கால் நகத்துலயும் இருக்கே. காலால ஊசி புடிக்கிறீங்களா?"

"செருப்புக் கடிமா" என்று சிரித்தான்.

கண் இமையை இழுத்துப் பார்த்தாள். நெற்றியில் கை வைத்தாள். மாத்திரை வேலை செய்திருந்தது. "உண்மையச் சொல்லுங்க. காய்ச்சல் வந்துச்சா?"

"இல்ல."

"எடை குறைஞ்சிருக்கா? சட்டை புதுசா புடிச்ச மாதிரி இருக்கு."

"ஃபேஷன்மா."

இதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

பரீட்சை செய்கிற பெரிய டாக்டர் வந்தார். கண்டிப்பான ஆள், கெட்டவர் இல்லை. அவருக்கு இன்னும் பத்துப் பேர் பாக்கி. ஷண்முகப்ரியா சொல்ல ஆரம்பித்தாள். நான் சிக்னலில் எழுத்துக்கூட்டின அதே வரி. ரூமாட்டிக் என்று ஆரம்பித்து, நோ ஃபெயிலியர் வரைக்கும் வந்தாள். அங்கே நின்றாள்.

"அடுத்தது?" என்றார்.

"அடுத்ததை இல்லைன்னு சொல்ல முடியல சார். நகத்துல கோடு இருக்கு. கண் வெளுத்திருக்கு. சத்தமும் நான் போன வருஷம் கேட்ட மாதிரி இல்லை. இப்ப இன்னொரு சத்தமும் கூட வருது. ரத்தம் எடுத்துப் பார்க்கணும்."

"காய்ச்சல் ஹிஸ்டரி இருக்கா?"

"இல்லைங்கறார் சார்."

அவர் சின்னப்பையன் பக்கம் திரும்பினார். "காய்ச்சல் உண்டாப்பா?"

அவன் ஒரு நிமிஷம் அந்தப் பெண்ணைப் பார்த்தான். அவள் ஏதோ தடுமாறிவிட்டாள், விடையைத் தாண்டிப் போய்விட்டாள், இவன்தான் இழுத்துக் கொண்டுவர வேண்டும் என்று நினைத்தான். பிறகு என்னிடம் அப்படித்தான் சொன்னான்.

"இல்ல சார். நல்லா கீறேன் சார். கொயந்த நல்லாப் படிக்கிற கொயந்த சார்."

பெரிய டாக்டர் அவன் விரலைத் தொட்டுப் பார்த்தார். தையற்காரர் என்று தாளில் இருந்தது. சந்தேகத்துக்கு ஆதாரம் வேண்டும் அம்மா என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

தாழ்வாரத்தில் அவள் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து வைத்திருந்தாள். நடுப் பத்தியில் அவள் நினைத்ததாக எழுதியிருந்த வரியின் மேல் குறுக்கே ஒரு கோடு அடித்தாள். அதன் மேலேயே இன்னொரு கோடு.

"ரொம்ப யோசிச்சுட்டேன் அண்ணாச்சி" என்றாள் என்னிடம். "எல்லாரும் சொல்ற மாதிரி சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். இனிமே இந்த வேலையே வேண்டாம்."

நான் வாயைத் திறந்திருக்கலாம். 'ஜுரம் இருக்கும்மா' என்று இரண்டு வார்த்தை. வெளியே ஆட்டோவை நோ பார்க்கிங்கில் விட்டிருந்தேன். போய்விட்டேன்.

சின்னப்பையன் அன்றைக்கு யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. களைப்பாக இருக்கிறது, நாளைக்கு வரலாம் என்றான். நாளை நாளை என்று பதினோரு நாள் போயிற்று. பன்னிரண்டாம் நாள் மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டான். ஊசியில் யாருடைய சுடிதாரோ மாட்டியபடி இருந்தது.

அதே ஆஸ்பத்திரி. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். வால்வில் கிருமி தங்கி அதைத் தின்றுகொண்டிருக்கிறது என்றார் இளவயது டாக்டர் ஒருவர். பல் வழியாகப் போயிருக்கும் என்றார். பேர் என்ன சார் என்று கேட்டேன். சொன்னார். இன்ஃபெக்டிவ் எண்டோகார்டைட்டிஸ். இருபது வருஷமாக நான் கேட்ட பேர். நானே எழுத்துக்கூட்டின பேர். எப்போதும் முன்னால் ஒரு 'நோ' இருக்கும்.

"ஒரு ரெண்டு வாரம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா" என்றார் டாக்டர்.

"வந்தோம் சார். பரீச்சைக்கு."

அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கவும் இல்லை.

பதினெட்டு நாள் மருந்து ஏற்றினார்கள். ஷண்முகப்ரியா தாழ்வாரத்தில் நோட்டில் கோடு அடித்ததை அப்போதுதான் அவனிடம் சொன்னேன். ஆபரேஷன் என்றார்கள், உடம்பு தாங்காது என்றார்கள். நடுவில் வால்விலிருந்து ஒரு துண்டு மூளைக்குப் போய், இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. செண்பகம் ஊட்டினாலும் கஞ்சி கடைவாயில் ஒழுகும். மாணவர்கள் கூட்டமாக வந்து நின்றார்கள். இவன் வழக்கமான வரியைச் சொல்லவில்லை. "பாருங்க, நல்லாப் பாருங்க" என்று மட்டும் குழறினான்.

ஷண்முகப்ரியா அந்தப் பரீட்சையில் பாஸ் பண்ணிவிட்டாள். அந்தக் கேஸில் மட்டும் மார்க் குறைவு என்று பொன்ராஜ் சொன்னார். அப்போது அவள் வேறு ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போயிருந்தாள். இப்போது திருவான்மியூரில் ஒரு கிளினிக்கில் உட்கார்ந்திருக்கிறாள். சவாரி இல்லாத நேரத்தில் இரண்டு தடவை அந்தத் தெரு வரைக்கும் போனேன். ஒரு தடவை கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். எதிரே நோயாளி பேசப் பேச, தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். எல்லா டாக்டரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். உள்ளே போகாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். போய்ச் சொன்னால், அன்றைக்கு நான் கதவோரம் நின்று சுவரைப் பார்த்ததையும் சொல்ல வேண்டும். இத்தனை நாள் பிள்ளைகள் மேல் ஆத்திரப்பட்டுக்கொண்டிருந்தது அதைவிடச் சுலபமாக இருந்தது.

சின்னப்பையனின் கடைசி நாள் மத்தியானம். செண்பகம் மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தாள். அவன் வலது கையால் போர்வை ஓரத்தை மடித்து மடித்து, கட்டை விரலால் நீவிக்கொண்டிருந்தான், தைக்கப் போகிற மாதிரி. என்னைக் கிட்டே வரச் சொன்னான். குனிந்து காதைக் கொடுத்தேன்.

"மச்சான், அந்த அண்ணாச்சிப் பொண்ண எங்க கீதுனு தேடிக் கண்டுபுடி. ஜுரம் இருந்துச்சு, நான்தான் பொய் சொன்னேன்னு சொல்லு. அது பார்த்ததுதான் கரெக்ட்டு. அந்தக் கோட்டை அயிச்சிட்டு மறுபடியும் எழுதிக்கச் சொல்லு. நான் போய்ச் சேர்ந்தத எட்த்ததும் சொல்லாத, பயந்துடும். மொதல்ல இத்தச் சொல்லு."